பஞ்சைக் கரைக்கும் திரவமும் பவானியின் கணக்கும்

விஸ்கோஸ் ஆலையின் நச்சாவியையும் சாயக்கழிவின் உப்பையும் ஒருசேரக் கண்டது கொங்கு மண்டலம். 'பசுமைக் கரைப்பான்' என்ற பெயருடன் வரும் புதிய இழைத் தொழில்நுட்பங்களை இம்மண் எந்த அளவுகோலால் அளக்க வேண்டும்?

தேன் நிறத்துக் குழம்பு ஒன்று, தங்கமும் பிளாட்டினமும் கலந்து செய்த சிறிய மூடியின் நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் அழுத்தப்படுகிறது. அமிலத்தைத் தொட்ட கணத்திலேயே ஒவ்வொரு தாரையும் வெண்ணிற இழையாக உறைந்து, உருளைகளின் மேல் ஏறி, இழுபட்டு நீண்டு, பளபளப்பான நூலாகத் திரள்கிறது. தொட்டியின் மேற்பரப்பிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும், கண்ணுக்குப் புலப்படாத கார்பன் டைசல்பைடு ஆவியும் எழுகின்றன. கழிவு வாய்க்காலில் அமிலமும் துத்தநாகமும் சோடியம் உப்பும் கலந்த நீர் ஓடுகிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில், பவானி ஆற்றையொட்டி நின்ற சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலையில் 1960-கள் தொடங்கி முப்பதாண்டுகளுக்கும் மேலாக நடந்த வேலை இதுதான்.

நீலகிரியின் சரிவுகளில் வளர்க்கப்பட்ட கற்பூர மரங்களும் சீகை மரங்களும் அந்த ஆலையில் கூழாக்கப்பட்டு, செயற்கைப் பட்டு என்று அந்நாளில் அழைக்கப்பட்ட ரேயானாக மாறின. மரத்தின் நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைக் கரைத்து நீக்கியபோது கரும்பழுப்பு நிறக் கழிவுநீர் பெருகியது. சிறுமுகைக்குக் கீழே பவானி சென்று சேரும் இடமோ பவானிசாகர் நீர்த்தேக்கம். கீழ்பவானி வாய்க்காலின் 2,07,000 ஏக்கர் பாசனமும், கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், அதற்கும் கீழே காலிங்கராயன் வாய்க்காலும் நம்பியிருப்பது அந்த ஒரே நீரைத்தான். 1990-களில் உழவர்களும் மீன்பிடிப்போரும் ஊர்மக்களும் நடத்திய போராட்டங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடவடிக்கைகள், நீதிமன்ற வழக்குகள், நிதி நெருக்கடி ஆகியவற்றின் முடிவில் ஆலை மூடப்பட்டது. ஆறு மூச்சுவிட்டது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

அந்த ஆலை மூடப்பட்டதால் ரேயானின் தேவை மறைந்துவிடவில்லை. ஈரோட்டின் வீரப்பன்சத்திரம், சித்தோடு பகுதிகளின் விசைத்தறிகள் இன்றும் ரேயான் துணியை நெய்கின்றன. கோவையின் நூற்பாலைகள் விஸ்கோஸ் பஞ்சையும், லையோசெல் என்னும் புதுவகைப் பஞ்சையும் வெளியிலிருந்து வாங்கி நூற்கின்றன. திருப்பூரின் பனியன் கம்பெனிகளிடம் வெளிநாட்டு வாங்குநர்கள் அந்த நூலாலான ஆடைகளைக் கேட்டு வாங்குகின்றனர். இவை யாவும் செல்லுலோஸைக் கரைத்து எடுக்கப்படும் இழைகள் என்பதால், எந்தத் திரவத்தில் கரைப்பது, கரைத்தபின் அத்திரவம் எங்கே போகிறது என்ற இரு கேள்விகளும் கொங்கு நாட்டுக்கு நேரடிப் பொருளுடையவை. முதல் கேள்விக்கு உலகின் வேதியியல் ஆய்வகங்கள் பல விடைகளைத் தந்துவிட்டன. இரண்டாவதே கடினமானது.

கரைய மறுக்கும் பொருள்

பருத்தி, மரம், சணல், கரும்புச் சக்கை, வாழை நார் என எந்தத் தாவரப் பொருளை எடுத்தாலும் அதன் உடற்கட்டாக இருப்பது செல்லுலோஸ். பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பேயன் 1838-இல் தனிப்படுத்திய இப்பொருள், குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. சர்க்கரையின் அலகுகளாலேயே ஆன பொருளாயினும் சர்க்கரை போல நீரில் கரைவதில்லை. ஏனெனில் சங்கிலிகளின் பக்கவாட்டில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கின்றன, அடுக்குகளுக்கிடையே நீரை விலக்கும் ஈர்ப்பும் சேர்ந்து அவற்றை இறுக்குகிறது. இந்த இரட்டைப் பிடியால், சூடுபடுத்தினால் செல்லுலோஸ் உருகுவதற்கு முன்பே கருகுகிறது. ஆகவே பாலியெஸ்டரைப் போல உருக்கி இழையாக்கும் எளிய வழி இதற்கு இல்லை. இழையாக்க வேண்டுமெனில் கரைத்தே தீர வேண்டும்.

கரைப்பதற்கு இரு பாதைகள் உண்டு. செல்லுலோஸை வேதியியல் முறையில் வேறொரு சேர்மமாக மாற்றி, அச்சேர்மத்தைக் கரைத்து, இழையான பின் மீண்டும் செல்லுலோஸாக்குவது ஒன்று. செல்லுலோஸை மாற்றாமலேயே அதன் பிணைப்புகளுக்குள் புகுந்து சங்கிலிகளைப் பிரிக்கும் திரவத்தைக் கண்டறிவது மற்றொன்று. விஸ்கோஸ் முதல் பாதையைச் சேர்ந்தது. இன்று பசுமை என்று பேசப்படும் கரைப்பான்களில் பெரும்பாலானவை இரண்டாம் பாதையைச் சேர்ந்தவை.

விஸ்கோஸ் கேட்ட விலை

1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் ஆகிய மூவர் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையில், மரக்கூழ் முதலில் காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைக்கப்பட்டு, பின்னர் கார்பன் டைசல்பைடுடன் வினைபுரிந்து சாந்தேட் என்ற ஆரஞ்சு நிறச் சேர்மமாகி, நீர்த்த காரத்தில் கரைகிறது. அமிலத் தொட்டியில் அச்சேர்மம் சிதையும்போது செல்லுலோஸ் இழையாகத் திரும்புகிறது, கார்பன் டைசல்பைடு விடுபடுகிறது. செல்லுலோஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேவைப்படும் அப்பொருளில் ஒரு பகுதியையே பழைய ஆலைகள் மீட்டன. எஞ்சியது தொழிலாளரின் நுரையீரலுக்கும் ஊரின் காற்றுக்கும் சென்றது. காரமும் அமிலமும் ஒன்றையொன்று நடுநிலையாக்குவதால், ஒரு கிலோ இழைக்கு அரைக் கிலோவுக்கும் அதிகமான சோடியம் சல்பேட் உப்பும் உருவாகிறது.

> பெட்டிச் செய்தி: கார்பன் டைசல்பைடு
>
> 46 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நிறமற்ற திரவம். இதன் ஆவி தீப்பற்ற நெருப்புப்பொறி வேண்டியதில்லை. ஏறத்தாழ 100 டிகிரிச் சூடுள்ள ஒரு குழாயின் மேற்பரப்பே போதும். நெடுநாள் சுவாசிப்போருக்கு நரம்புத் தளர்ச்சி, மனநிலைத் திரிபு, நடுக்கம், இதயத் தமனி நோய் ஆகியவை வருவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரப்பர் தொழிற்சாலைகளிலேயே அறியப்பட்டது. தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இந்நச்சால் பாதிக்கப்பட்டனர். ஜப்பானிலிருந்து பழைய பொருளாக வாங்கப்பட்டிருந்த அதன் இயந்திரங்கள், 1993-இல் ஆலை மூடப்பட்டபின் சீனாவுக்கு விற்கப்பட்டன.

சிறுமுகையின் கதைக்கு மலைக்கு அப்பால் ஓர் இணை உண்டு. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், சாலியாற்றின் கரையிலுள்ள மாவூரில் இயங்கிய குவாலியர் ரேயான்ஸ் ஆலையும் நெடிய மக்கள் போராட்டத்தைச் சந்தித்து, அதே காலப்பகுதியில் மூடப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறத்திலும், ஒரே தொழில்நுட்பம், ஆற்றங்கரை என்ற ஒரே வகை இடத்தேர்வு, ஒரே முடிவு.

புதிய விஸ்கோஸ் ஆலைகள் ஆவியை மூடிய அமைப்புகளில் பிடித்து, கந்தகத்தைப் பெருமளவு மீட்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் செல்லுலோஸ் செயற்கை இழைகள் 70 லட்சம் டன்னைத் தாண்டுகின்றன, அதில் ஐந்தில் நான்கு பங்கு இன்றும் விஸ்கோஸ் முறையிலேயே வருகிறது. மாற்றுக் கரைப்பானைத் தேடும் முயற்சியின் எடையை உணர்த்த இந்த அளவே போதும்.

லையோசெல்: கரைத்து, மீட்டு, மீண்டும் கரைத்து

தொழிற்சாலை அளவில் வெற்றிபெற்ற முதல் மாற்று, என்-மெத்தில்மார்ஃபோலின் என்-ஆக்சைடு என்ற நீண்ட பெயருடைய, சுருக்கமாக என்.எம்.எம்.ஓ. எனப்படும் கரைப்பான். இதன் மூலக்கூறில் உள்ள நைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பு வலிய மின்முனைத் தன்மை உடையதாதலால், செல்லுலோஸ் சங்கிலிகளுக்கிடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்த்து, அவற்றின் இடத்தில் தானே பிணைந்துகொள்கிறது. கூழும் கரைப்பானும் நீரும் கலந்த கலவையிலிருந்து வெற்றிடத்தில் நீரை ஆவியாக்கி வெளியேற்றும்போது, 100 டிகிரியையொட்டிய வெப்பநிலையில், தெளிந்த பொன்னிறப் பாகு கிடைக்கிறது. அப்பாகு துளைகளிலிருந்து வெளிப்பட்டு, சிறிது காற்றிடைவெளியைக் கடந்து, நீரில் விழுந்ததும் செல்லுலோஸ் இழையாகிறது, கரைப்பான் நீருடன் சேர்ந்துகொள்கிறது. கந்தகம் இல்லை, சாந்தேட் இல்லை, அமிலத் தொட்டியும் இல்லை. இழையோ ஈரத்திலும் வலிமை அதிகம் குன்றாதது. விஸ்கோஸ் நனைந்தால் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும் என்பதை ரேயான் துணியைத் துவைத்த எவரும் அறிவர்.

இந்தக் கரைப்பானைக் கண்டறிவதற்கும் பயன்படுத்துவதற்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. அமீன் ஆக்சைடுகள் செல்லுலோஸைக் கரைக்கும் என்று கிரேனாக்கர், சால்மன் ஆகியோரின் காப்புரிமை 1939-இலேயே கூறிவிட்டது. 1969-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ஜான்சன் அதைச் செம்மைப்படுத்தினார். பிரிட்டனின் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் 1992-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபைல் நகரில் வணிக ஆலையைத் தொடங்கிய பிறகே 'டென்செல்' சந்தைக்கு வந்தது. அப்பெயரை இன்று வைத்திருக்கும் ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம், 2022-இல் தாய்லாந்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் திறனுள்ள ஆலையைத் திறந்தது. இந்தியாவில் விஸ்கோஸ் இழையின் பெரும் உற்பத்தியாளரான கிராசிம், கர்நாடகத்தின் ஹரிஹரில் லையோசெல் ஆலை அமைக்கும் திட்டத்தை 2025-இல் அறிவித்தது.

அரை நூற்றாண்டு தாமதத்துக்கு முதற்காரணம் விலை. என்.எம்.எம்.ஓ. விலையுயர்ந்த பொருளாதலால், அதைக் கிட்டத்தட்ட முழுமையாக மீட்டாலொழிய ஆலை நட்டத்தில்தான் ஓடும். 99 விழுக்காட்டுக்கு மேல் மீட்கப்படுகிறது என்ற செய்தி பெருமையாகச் சொல்லப்படுவது இதனால்தான். ஆனால் மிச்சமுள்ள ஒரு விழுக்காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் அப்பெருமையை ஏற்பது பொருந்தாது.

> பெட்டிச் செய்தி: ஒரு விழுக்காட்டின் எடை
>
> இழையாக்கப்படும் பாகில் செல்லுலோஸ் 13, கரைப்பான் 76, நீர் 11 விழுக்காடு என்று கொண்டால், ஒரு கிலோ இழைக்கு ஏறத்தாழ 6 கிலோ கரைப்பான் சுழல்கிறது. நாளொன்றுக்கு 100 டன் இழை செய்யும் ஆலையில் சுழல்வது ஏறத்தாழ 600 டன். அதில் ஒரு விழுக்காடு தவறினால் நாளுக்கு 6 டன். மீட்பு 99.7 விழுக்காடாக உயர்ந்தால் இழப்பு 1.8 டன்னாகக் குறையும்.
>
> தொட்டி நீரில் கரைப்பான் 20 விழுக்காடு இருக்குமாயின், அதை மீண்டும் கரைக்கும் செறிவுக்குக் கொண்டுவர ஒரு கிலோ இழைக்கு ஏறத்தாழ 22 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். 100 டன் ஆலைக்கு அது நாளுக்கு 22 லட்சம் லிட்டர்.

பசுமை என்ற சொல்லுக்கு ஆலை தரும் விலை அந்த 22 லட்சம் லிட்டரில் இருக்கிறது. ஒரு கட்டத்தின் ஆவியை அடுத்த கட்டத்தைச் சூடாக்கப் பயன்படுத்தும் பல்கட்ட ஆவியாக்கிகள், ஐந்து கட்டங்கள் உடையனவாயின், ஒரு டன் நீராவியால் ஏறத்தாழ 4 டன் நீரை வெளியேற்றும். அப்போதும் நாளுக்கு 550 டன் நீராவி தேவைப்படும். அந்நீராவி நிலக்கரியிலிருந்து வந்தால் ஆறு பெற்ற நன்மையின் ஒரு பகுதியைக் காற்று இழந்துவிடும்.

பாதுகாப்பு தனிக் கேள்வி. இரும்பு, செம்பு போன்ற உலோகத் துகள்கள் கலந்தாலோ வெப்பம் கட்டுமீறினாலோ என்.எம்.எம்.ஓ. தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு வேகமாகச் சிதையும். அதனால் புரோபைல் கேலேட் போன்ற நிலைநிறுத்திகள் சேர்க்கப்படுகின்றன. கரைப்பானின் நேரடி நச்சுத்தன்மை குறைவு. ஆனால் அது சிதைந்து உண்டாகும் மார்ஃபோலின், நைட்ரைட்டுடன் சேரும் சூழலில், புற்றுநோய்க் காரணியான நைட்ரோசோமார்ஃபோலினாக மாறக்கூடும். கழிவுநீரின் நுண்ணுயிர்கள் இக்கரைப்பானைச் செரிக்கப் பழகிக்கொள்ளக் காலம் எடுத்துக்கொள்கின்றன. எனவே தவறிய கிராம்களைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு ஆலையைத் திறந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

நொய்யல் கற்பித்த தொழில்

மேற்சொன்ன ஆவியாக்கிகளின் தொழில்நுட்பத்தைக் கொங்கு நாடு புதிதாகக் கற்க வேண்டியதில்லை. திருப்பூரின் சாயப்பட்டறைகள் வெளியேற்றிய உப்பு நீர் நொய்யல் ஆற்றை நிரப்பி, பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவுத் தேக்கமாக மாற்றியது. தங்கள் நிலத்துக்காகக் கட்டிய அணையைத் திறக்கவே வேண்டாம் என்று ஈரோடு, கரூர் மாவட்ட உழவர்கள் முறையிடும் நிலை வந்தது. அவர்கள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. பூஜ்ய நிலை சுத்திகரிப்பு, அதாவது ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத முறை, அதன் பின்னரே உறுதியாக நிலைபெற்றது.

அம்முறையில் சாயநீர் நுண்ணுயிர்த் தொட்டிகளைக் கடந்து, ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டிகளில் நல்ல நீராகவும் செறிந்த உப்பு நீராகவும் பிரிந்து, உப்பு நீர் பல்கட்ட ஆவியாக்கிகளில் காய்ச்சப்படுகிறது. மீண்ட நீரும் மீண்ட உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே செல்கின்றன. லையோசெல் ஆலையின் மீட்புப் பகுதியை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், கரைப்பான் என்ற பெயர் ஒன்றைத் தவிர இயந்திர வரிசையில் பெரிய வேற்றுமை இல்லை என்பது புலப்படும்: வடிகட்டுதல், அயனிப் பரிமாற்றப் பிசினால் தூய்மையாக்குதல், ஆவியாக்கிச் செறிவூட்டுதல், மீண்டும் செலுத்துதல். ஆவியாக்கியின் குழாய்களில் உப்புப் படிவதைக் கையால் அறிந்த பொறியாளர்களும், சவ்வு அடைபடுவதை முன்கூட்டியே உணரும் இயக்குநர்களும் இவ்வளவு பேர் ஒரே வட்டாரத்தில் இருப்பது அரிது. நொய்யல் இறந்து தந்த அறிவு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே அனுபவம் ஒரு குறையையும் காட்டுகிறது. ஆவியாக்கியின் கடைசியில், சாயத் தொழிலுக்குத் திரும்பப் பயன்படாத கலவை உப்பு எஞ்சுகிறது. கொட்டவும் இடமின்றி, விற்கவும் வழியின்றி அது சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அடுத்து வரும் கரைப்பானை மதிப்பிட இந்த மூட்டைகளை நினைவில் வைத்துக்கொள்வது பயன்தரும்.

உரமும் காரமும்: எளிய கரைப்பானின் எளிதல்லாத மிச்சம்

சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் லினா ஜாங்கும் அவரது குழுவினரும் கண்டறிந்த முறை, கேட்பவரை வியக்கவைப்பது. 7 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடும் 12 விழுக்காடு யூரியாவும் கலந்த நீரை, பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, அதில் செல்லுலோஸை இட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது. காரமும் நீரும் சேர்ந்த அயனிகள் சங்கிலிகளுக்குள் புகுந்து பிரிக்க, யூரியா அவற்றைச் சூழ்ந்து மீண்டும் ஒட்டாமல் காக்கிறது என்பது அக்குழுவின் விளக்கம். கோவையின் எந்த உரக்கடையிலும் கிடைக்கும் யூரியா, எந்தச் சாயப்பட்டறையிலும் இருக்கும் காஸ்டிக் சோடா, ஒரு குளிர்விப்பான். அரிய பொருள் எதுவும் இல்லை. இப்பணிக்காக லினா ஜாங்குக்கு அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆன்செல்ம் பேயன் விருது 2011-இல் கிடைத்தது.

பொருள்கள் தீங்கற்றவை என்பதாலேயே தொழிலும் தீங்கற்றது என்று முடிவுகட்டும் வழக்கம் இவ்விடத்தில் தடுமாறுகிறது. இக்கரைசலில் செல்லுலோஸ் 5 விழுக்காட்டையொட்டியே கரையும் என்று கொண்டால், ஒரு கிலோ இழைக்கு 1.3 கிலோ சோடியம் ஹைட்ராக்சைடும் 2.3 கிலோ யூரியாவும் சுழல வேண்டும். இழையை உறையவைக்கக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினால், அவ்வளவு காரமும் சோடியம் சல்பேட்டாகி, ஒரு கிலோ இழைக்கு 2.3 கிலோவுக்கும் மேல் உப்பு மிஞ்சும். விஸ்கோஸ் தரும் உப்பைவிட இது பன்மடங்கு. யூரியாவை மீட்காமல் விட்டால் அது நைட்ரஜனாகி ஆற்றில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். இம்முறையைக் கொங்கு நாட்டில் பயன்படுத்துவதாயின், அமிலத்துக்குப் பதிலாக வேறு உறைவிப்பு முறையையும், காரத்தையும் யூரியாவையும் தனித்தனியே மீட்கும் வழியையும் முதலில் நிறுவ வேண்டும். இல்லையெனில் நொய்யலின் கலவை உப்புக் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசைக் கொட்டகை எழும்பும்.

அயனித் திரவங்கள்

சமையல் உப்பு உருக 800 டிகிரி வெப்பம் வேண்டும். ஆனால் பெரிய, சமச்சீரற்ற கரிம அயனிகளால் ஆன சில உப்புகள் 100 டிகிரிக்குள்ளேயே, சில அறை வெப்பத்திலேயே, திரவமாக இருக்கும். இவையே அயனித் திரவங்கள். இவற்றுள் ஒன்று செல்லுலோஸை மாற்றாமலே கரைப்பதை அலபாமா பல்கலைக்கழகத்தின் ராபின் ரோஜர்ஸ் குழுவினர் 2002-இல் வெளியிட்டதும், அத்துறை பெருகியது. அதற்கு முன்னோடியான பிரிடினியம் உப்பு பற்றிய கிரேனாக்கரின் காப்புரிமை 1934-ஐச் சேர்ந்தது. எளிதில் ஆவியாகாது என்பதே இவற்றைப் பசுமையெனப் போற்றக் காரணம். கார்பன் டைசல்பைடால் நரம்பு கெட்ட தொழிலாளியின் நிலையிலிருந்து பார்த்தால் அது சிறு பேறல்ல.

ஆவியாகாத பொருள் நீரில் கரைந்து நிலத்தடிக்குச் செல்ல வாய்ப்புண்டு என்பது மறுபக்கம். தொடக்கக் காலத்தில் அதிகம் ஆராயப்பட்ட இமிடசோலியம் வகையின் சில திரவங்கள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சென்றும், இயற்கையில் மெல்லவே சிதைகின்றன என்றும் பின்னர் அறியப்பட்டது. ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சிக்ஸ்டா முன்னின்று வளர்த்த அயோன்செல் முறை வேறொரு வகைத் திரவத்தைப் பயன்படுத்துகிறது. அந்நாட்டின் அன்றைய அதிபரின் துணைவியார் யென்னி ஹௌகியோ 2018-இன் சுதந்திர நாள் வரவேற்பில் பிர்ச் மரத்திலிருந்து அம்முறையில் செய்த ஆடையை அணிந்தார். அம்முறையில் முதலில் எடுத்த திரவம், மீட்கும்போது நீரால் சிதைந்ததால், சிதைவுக்கு ஈடுகொடுக்கும் வேறொன்றுக்கு ஆய்வாளர்கள் மாற நேர்ந்தது. கரைக்கும் திறனில் வென்ற திரவமும் மீட்பில் தோற்றால் கைவிடப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெட்டும் மேசையிலிருந்து

இவ்வளவும் மரக்கூழைக் கருதிய பேச்சு. கொங்கு நாட்டுக்கு உண்மையில் பொருந்தும் மூலப்பொருள் மரமன்று, பனியன் துணியின் வெட்டுக் கழிவு. ஆடைத் தொழிலில் வெட்டும் மேசையில் துணியின் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு வரை துண்டாகக் கழிகிறது. திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் எனப்படும் அத்துண்டுகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, இயந்திரங்களில் கிழித்துப் பஞ்சாக்கப்பட்டு, ஓ.இ. மில் என்று வழங்கும் கழிவுப்பஞ்சு நூற்பாலைகளில் மறுபடி நூலாகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பரவியுள்ள இந்தத் தொழில், மறுசுழற்சி என்ற சொல் உலகச் சந்தையில் மதிப்புப் பெறுவதற்கு வெகு முன்பே இங்கு நடைமுறையில் இருந்தது. கரூரின் விரிப்புகளும் சென்னிமலையின் போர்வைகளும் அத்தகைய தடிமனான நூலைப் பயன்படுத்திவருகின்றன.

கிழிக்கும் ஒவ்வொரு முறையும் பஞ்சின் நீளம் குறைவதால், இச்சுழற்சிக்கு எல்லையுண்டு: தேங்காய் நாரை முறுக்கிய கயிற்றை எத்தனை முறை பிரித்துத் திரித்தாலும் நார் குட்டையாகிக்கொண்டே போவதைப் போன்றதே இது. கரைப்பான் அந்த எல்லையைக் கடக்கிறது. பருத்திச் சங்கிலி புதிதாயிருக்கையில் இழைத் தொழிலுக்குத் தேவையானதைவிட மிக நீளமானது. வெளுப்பும் சாயமும் துவைப்பும் அதைக் குறைத்துவிடுவதால், கழிவுத் துணியின் செல்லுலோஸைச் சிறிது சீர்செய்தாலே லையோசெல்லுக்கு வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்துவிட முடியும். பருத்தியில் லிக்னின் இல்லை. சிறுமுகையில் பவானியைக் கறுப்பாக்கிய பிரித்தெடுப்பு வேலையே இதில் எழாது. லென்சிங் நிறுவனம் 2017-இல் வெட்டுத் துண்டுகளைக் கூழில் கலந்து இழைசெய்யும் முறையை வணிகத்துக்குக் கொண்டுவந்தது.

தடைகள் துணியிலேயே இருக்கின்றன. ரியாக்டிவ் சாயம் செல்லுலோஸுடன் வேதியியலாகப் பிணைந்திருப்பதால் கழுவினால் போகாது. ஐந்து விழுக்காடு லைக்ரா கலந்த துணி, வடிகட்டிகளை அடைக்கும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியிலிருந்து பருத்தியை மட்டும் கரைத்தெடுக்க முடியும் என்பது இக்கரைப்பான்களின் பெரும் பயன். ஆனால் கரையாமல் நிற்கும் பாலியெஸ்டருக்கு வாங்குபவர் இருந்தாலன்றிக் கணக்கு நேராகாது. சந்தை ஏமாற்றக்கூடும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு: பழைய பருத்தி ஆடைகளிலிருந்து கூழ் செய்ய ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் 2022-இல் ஆலை திறந்த ரினியூசெல், இரண்டே ஆண்டுகளில், 2024 பிப்ரவரியில், போதிய கொள்முதல் ஆணைகள் இன்றித் திவாலானது, ஆதரவு அறிவித்த பெரிய பெயர்கள் பல இருந்தும் வாங்கியவை போதவில்லை. கழிவும் நூற்பாலையும் பனியன் கம்பெனியும் ஒரே வட்டாரத்தில் இருக்கும் இடத்தில் அந்த இடைவெளியைக் குறைக்க இயலும். அதற்கு நூற்பாலைகளின் நீண்டகாலக் கொள்முதல் உறுதி, ஆலை எழுவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

வேண்டிய அறிவும் அருகிலேயே உள்ளது. 1956-இல் தொடங்கப்பட்ட சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் கோவையில் இருக்கிறது. கூழ்மரங்களை ஆராயும் வன மரபியல் நிறுவனமும் அங்கே. வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி, சிறுமுகைக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில். கரும்புச் சக்கையைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரூர் மாவட்டம் காகிதபுரத்திலும், சேஷசாயி காகித ஆலை பள்ளிபாளையத்திலும் உள்ளன. கழிவுத் துணியிலிருந்து கரைப்புத்தரக் கூழ், அதாவது லிக்னினும் பிற சர்க்கரைகளும் நீங்கிய தூய செல்லுலோஸ், செய்யும் சோதனை ஆலை ஒன்றை இந்நிறுவனங்கள் கூட்டாக நிறுவ முடியும். நாளுக்கு ஒரு டன் அளவே போதுமானது. ஏனெனில் அறிய வேண்டியது இழையின் பளபளப்பையன்று, நூறாவது சுழற்சிக்குப் பின் கரைப்பான் எந்த நிலையில் இருக்கிறது என்பதை. திருப்பூர்ச் சாயங்களின் உடைந்த துணுக்குகளும் துணியில் ஒட்டிவந்த உலோகங்களும் கரைப்பானில் சேரச் சேர அதன் சிதைவு எவ்வாறு மாறுகிறது என்ற கேள்விக்கு, ஐரோப்பாவின் தூய பிர்ச் கூழில் கிடைத்த விடை இங்கே செல்லாது.

ஆலை எங்கே அமையும்

ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளுக்கு 1989-இன் அரசாணையும், காவிரி, பவானி, நொய்யல், அமராவதி போன்ற ஆறுகளிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் மிகு மாசுத் தொழில்களுக்கு 1998-இன் அரசாணையும் தடைவிதித்தன. பசுமைக் கரைப்பான் என்ற அடையாளத்தைக் காட்டி அத்தொலைவைத் தளர்த்தக் கேட்பவர்கள் வரக்கூடும், தளர்த்தக் கூடாது. கரைப்பானை முழுமையாக மீட்கும் ஆலைக்கு ஆற்றங்கரை தேவையே இல்லை. ஆவியாக்கிகளில் பிரிந்த நீரே மீண்டும் இழையைக் கழுவும் தொட்டிக்குத் திரும்புவதால், அதற்கு வேண்டிய புதுநீர் குறைவு. வற்றிய பகுதியிலும், நகரின் சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டும் அது இயங்க முடியும். ஆற்றருகே இடம் கேட்கும் திட்டம், தன் மீட்பு விழுக்காட்டில் தனக்கே நம்பிக்கை இல்லை என்பதைத் தானாகவே அறிவித்துவிடுகிறது.

அனுமதி ஆணையில் கரைப்பானின் பெயருக்குப் பதிலாக இழப்பின் அளவு எழுதப்பட வேண்டும்: ஒரு கிலோ இழைக்கு எத்தனை கிராம் கரைப்பான் வெளியேறியது, எத்தனை கிராம் உப்பு எஞ்சியது, எத்தனை கிலோ நீராவி செலவானது, அந்நீராவி எந்த எரிபொருளிலிருந்து வந்தது. ஆலைக்குள் வாங்கி ஊற்றிய புதிய கரைப்பானின் அளவும் விற்ற இழையின் அளவும் தெரிந்தாலே முதல் எண் கிடைத்துவிடும். அதை மறைக்க ரசீதுகளையே மறைக்க வேண்டியிருக்கும். அந்த நான்கு எண்களையும் மாதந்தோறும் தமிழில் வெளியிட்டு, ஆலை வாயிலின் பலகையிலும் கடைமடைப் பாசன சங்கங்களின் அலுவலகங்களிலும் கிடைக்கச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் இசைவாணையில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும்.